உள் வைக்கோலின் கதகதப்பு

விழிதியூர் உத்திராபதிக்கு முப்பத்தொன்பது வயது வரையில் மூச்சு என்று ஒன்று ஓடிக்கொண்டிருப்பதே நினைப்பில் இருந்ததில்லை. நெல்மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு, முன்னால் போகிறவனிடம் ஊர்க்கதை பேசியபடியே வரப்பில் நடப்பார். திருச்செங்காட்டங்குடி உத்திராபதியாரை வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை என்று அந்தப் பெயரை வைத்தார்கள். காரைக்கால் பக்கம் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த காலத்தில் ஐந்தாவது வரை படித்தார். அதற்குமேல் ஏர் அழைத்துக்கொண்டது. பத்து மா நிலம், ஒரு ஜோடி உழவு மாடு, சுரக்குடியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த தையல்நாயகி, நாலு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகள் அமுதம். ஈசன் கொடுத்தது இவ்வளவு, இதுவே தாராளம் என்று இருந்த மனிதர்.

எழுபத்தேழாம் வருஷம் ஐப்பசிக் கடைசியில் அடித்த புயலில் குறுவை வைக்கோல் போரின் தலை பறந்துபோயிற்று. மிச்சம் இருந்த போருக்குள் மூன்று நாள் மழை இறங்கியது. மழை விட்டபின் வெயில் பார்த்துக் காயப்போட நாள் கிடைக்கவில்லை. மாட்டுக்கு வேறு தீனியும் இல்லை. ஈரத்தோடேயே உதறித் திரும்பப் போர் போட்டார்கள். ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள்.

மார்கழி பிறந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போட்டார் உத்திராபதி. சாம்பல் நிறத்தில் பொடி பறந்தது. வைக்கோல் என்றால் தூசு இருக்கத்தான் செய்யும் என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் ஆறு மணிக்குக் குளிர் தூக்கிப் போட்டது. உடம்பு அனலாகச் சுட்டது. நெஞ்சில் யாரோ கயிறு கட்டி இறுக்குவதுபோல் இருந்தது. வறட்டு இருமல். தையல்நாயகி நொச்சி இலையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிக்கச் சொல்லி, விபூதி பூசிப் படுக்க வைத்தாள். விடிந்ததும் காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. ஏர் பூட்டப் போய்விட்டார்.

அது வந்து வந்து போயிற்று. மழைக்காலத்தில் அடிக்கடி வரும், பங்குனி சித்திரையில் வராது. கோடை முழுக்க மனிதர் பழையபடி இருப்பார். சாமி கண் திறந்துவிட்டது என்று தையல்நாயகி பிரதோஷத்துக்கு விளக்குப் போடுவாள். அடுத்த குறுவை அறுத்துப் போர் போட்டதும் மறுபடி ஆரம்பிக்கும். இப்படி இரண்டு வருஷத்தில் சட்டை தொளதொளத்துப் போனது. கிணற்றில் ஒரு குடம் இறைத்தால் ஒரு முறை நிற்க வேண்டியிருந்தது.

பக்கத்து டவுனில் ஊசிக்குப் பேர்போன ஒரு டாக்டர் இருந்தார். சாயங்காலக் காய்ச்சல், இருமல், உடம்பு இளைப்பு, எக்ஸ்ரேயில் நிழல். சளியை மூன்று முறை சோதித்ததில் கிருமி ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் அவர் யோசிக்கவில்லை. காசநோய்தான் என்று சொல்லிப் பன்னிரண்டு நாள் படுக்கையில் வைத்துக்கொண்டு ஊசி போட்டார். ஊசி போடப் போட உத்திராபதி தெளிந்தார். பன்னிரண்டாம் நாள் பசித்துச் சாப்பிட்டார். அந்த டாக்டர் தெய்வம் என்று புருஷன், பெண்டாட்டி இருவருமே நம்பினார்கள். ஊருக்குக் கிளம்பும்போது டாக்டர் சொன்னார்:

"வூட்ல தனியா வைங்க. தட்டு, டம்ளர் தனி. பொம்பளப் புள்ள இருக்குல்ல? கிட்ட விடாதீங்க."

சின்ன வீடு. தனியாக வைக்க அதில் இடம் ஏது? மாட்டுக் கொட்டகையில் பாதியைக் கீற்றுத் தட்டி வைத்து மறைத்தார்கள். கீழே தரை ஈரத்தில் ஓதம் காத்தது. தையல்நாயகி ஒரு முழ உயரத்துக்கு வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் பாயைப் போட்டு, அதன்மேல் பழைய புடவையை விரித்தாள். வாரம் ஒரு முறை பழைய வைக்கோலை அள்ளிவிட்டுப் புதிதாகப் பரப்புவாள். அந்த மாதிரிப் பணிவிடை வேறு யார் செய்வார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். உண்மைதான்.

அமுதத்துக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கிணற்றடியில் நின்றுகொண்டு, "அப்பா, கணக்குல எல்லாம் சரி" என்று கத்துவாள். தட்டிக்கு உள்ளேயிருந்து இருமல்தான் பதிலாக வரும்.

ஊசியும் மாத்திரையும் நடந்துகொண்டே இருந்தன. உடம்பு மட்டும் கீழே போய்க்கொண்டிருந்தது. முன்பு வைக்கோல் பிடுங்கிய அன்றைக்கு மட்டும் வந்த காய்ச்சல் இப்போது தினமும் வந்தது. கோடையில்கூட முழுதாக விடுவதில்லை. ஊசிக்கார டாக்டர் மருந்தைக் கூட்டினார். நிலத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த நிலம் அடுத்த சாகுபடிக்கு நம் கையில் இருக்குமா, நாமே இருப்போமா என்று உத்திராபதி கொட்டகைக் கூரையைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டு கிடப்பார். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இந்த மூச்சு திரும்ப வருமா, திரும்ப வீட்டுக்குள் போவோமா என்பதைத் தவிர அவர் மனசில் வேறு வேண்டுதல் இல்லை.

எண்பத்தொன்றாம் வருஷம் கார்த்திகையில் சுரக்குடியில் மாமனார் தவறிவிட்டார். மூத்த மருமகன் போகாமல் இருக்க முடியுமா? குதிரை வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். தையல்நாயகியின் தம்பி மருதையன் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பியூன். ஓட்டு வீடு. நிலம் இல்லை, மாடு இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் கூட்டத்தில் உத்திராபதிக்குத் தாழ்வாரத்து ஓரமாக ஒரு பாய் கிடைத்தது. கருமாதி முடிகிற வரைக்கும் பதினாறு நாள் அங்கேயே தங்கும்படி ஆயிற்று.

நாலாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் வரவில்லை. ஏழாம் நாள் இரண்டாம் முறை சோறு கேட்டார். பன்னிரண்டாம் நாள் திருநள்ளாறு ரோடு வரை நடந்துபோய் எங்கேயும் நிற்காமல் திரும்பி வந்தார். மருதையன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வாய் அடங்காது.

"மச்சான், எங்கப்பா போனதுல ஒங்களுக்குத்தான் யோகம் அடிச்சிருக்கு. சாவு வூட்டுச் சோத்துல சதை போட்ட ஆள நான் இப்பத்தான் பாக்குறேன்."

"பேசுடா மாப்ளே, பேசு" என்றார் உத்திராபதி. அவருக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. மாத்திரைப் பொட்டலத்தை விழிதியூரிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். துக்க வீட்டில் அதைச் சொல்லி ஆர்ப்பாட்டம் வேண்டாம் என்று வாயைத் திறக்கவில்லை. தையல்நாயகி கேட்டபோதெல்லாம் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டார்.

பதினேழாம் நாள் ஊர் திரும்பினார்கள். அன்றைக்குத் தையல்நாயகி புது வைக்கோலாகப் பரப்பிக் கொடுத்தாள். மத்தியானம் படுத்தார். ஆறு மணிக்குக் குளிர் தூக்கிப் போட்டது. இந்தத் தடவை உதடு நீலம் பாரித்துவிட்டது.

சேதி கேட்டு மறுநாளே மருதையன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான். அவன் ஆபீஸ் கிளார்க்குக்கு இழுப்பு நோயை மட்டுப்படுத்திய ஒரு டாக்டரம்மா காரைக்காலில் இருந்தார். திரிபுரசுந்தரி என்று பெயர். சின்ன வயசு. கூட்டம் இருக்காது, அதனால் நின்று நிதானமாகக் கேட்பார் என்றான். மூன்று பேருமாகப் போனார்கள்.

டாக்டரம்மா முதுகில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். கீழ்ப்பக்கத்தில் காய்ந்த சருகை மெல்ல மிதிப்பதுபோல் சத்தம் வருகிறது என்று சொன்னார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கேள்விகளை ஆரம்பித்தார்.

"காய்ச்சல் எப்ப வருது?"

"சாயங்காலம்ங்க."

"தினமுமா?"

"ஊர்ல இருந்தா தினமும்தான்."

"ஊர்ல இல்லாதப்ப?"

உத்திராபதி தரையைப் பார்த்தார். "சுரக்குடியில மொத மூணு நாளோட போச்சுங்க. அப்புறம் வரவே இல்ல. ஆனா ஒரு தப்பு பண்ணிட்டேன். மாத்திரைய ஊர்லயே வச்சிட்டுப் போயிட்டேன்."

"பதினாறு நாளுமா?" தையல்நாயகி எழுந்தேவிட்டாள். "முழுங்கிட்டேன் முழுங்கிட்டேன்னு என்கிட்ட சொன்னீங்களே! அப்பா பொணம் கெடந்த வூட்ல பொய்யா?"

"அதான் அக்கா கொணமாயிட்டாரு" என்றான் மருதையன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அவர் வேடிக்கையாச் சொன்னாலும் அதுல விஷயம் இருக்கு. மருந்து இல்லாம நல்லா இருந்திருக்கார். ஊருக்குத் திரும்புன அன்னிக்கே விழுந்திருக்கார். அப்ப ஊர்ல என்னமோ இருக்கு. எங்க படுக்குறார்? எது மேல படுக்குறார்?"

கேட்டுக்கொண்டே வந்தவர், படுக்கையிலிருந்து ஒரு பிடி வைக்கோல் எடுத்துவரச் சொன்னார். மறுநாள் தையல்நாயகி பழைய பேப்பரில் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்து மேஜைமேல் பிரித்தாள். புகை மாதிரி ஒரு பொடி எழும்பியது. டாக்டரம்மா சட்டென்று பேப்பரை மூடிவிட்டு, உத்திராபதியை வெளியே போய் நிற்கச் சொன்னார். ஜன்னலைத் திறந்து வைத்த பிறகுதான் கூப்பிட்டார்.

"இதைப் போர்ல எந்த இடத்துலேர்ந்து எடுத்தீங்க?"

"உள்ளேர்ந்துங்க" என்றாள் தையல்நாயகி, கொஞ்சம் பெருமையாகவே. "மேல் வைக்கோல் சில்லுன்னு கெடக்கும். கையைத் தோள் வரைக்கும் உள்ள விட்டா, அங்க கதகதன்னு இருக்கும். குளுராம இருக்கட்டும்னு அதைத்தான் பாத்துப் பாத்து உருவியாந்து பரப்புவேன். ரெண்டு வருசமா வேற வைக்கோல் போட்டதில்ல."

டாக்டரம்மா பொட்டலத்தை இன்னொரு மடிப்பு மடித்தார். அப்புறம் மெதுவாகத்தான் சொன்னார்.

"அந்தக் கதகதப்பு பூசணத்தோட சூடும்மா. ஈர வைக்கோலுக்குள்ள பூசணம் வளரும்போது சூடு கெளம்பும். அந்தப் பொடிதான் இவருக்கு ஆகல."

தையல்நாயகி தன் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தாள். அழவில்லை. "நானே பரப்புனேனே" என்று மட்டும் சொன்னாள்.

"இந்தப் பொடி விஷமாங்க?" என்று கேட்டார் உத்திராபதி.

"விஷம்னு சொல்ல முடியாது. ஒங்க சம்சாரமும்தான் தினம் தொடுறாங்க, அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. கெடுதல் பண்றது பொடி இல்ல, ஒங்க ஒடம்பேதான். கேளுங்க. ஆத்துல கரை ஒடைஞ்சா ஊர்ல என்ன பண்ணுவாங்க?"

"தமுக்கு அடிப்பாங்க."

"அப்புறம்?"

"வூட்டுக்கு ஒரு ஆளு மம்முட்டி, சாக்கோட ஓடணும்."

"ஒங்க நெஞ்சுக்குள்ளயும் காவல்காரங்க இருக்காங்க. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அணுக்கள். பொடி உள்ள போனதும், ஏதோ எதிரி வந்துட்டான்னு அதுங்க தமுக்கு அடிக்கும். சத்தம் கெடையாது. ஒரு வகைச் சாறு மாதிரி பொருளை வெளிய விடும், அதுதான் சேதி. அந்தச் சேதி ரத்தத்துல கலந்ததும் ஒடம்பு முழுக்க இருக்குற காவல் அணுவெல்லாம் நெஞ்சுக்கு ஓடியாரும். வந்ததுங்க தானும் ஒரு தடவை தமுக்கு அடிக்கும். இன்னும் பேரு வரும். ரத்தக் குழாய் வாயைத் தொறந்து வழி விடும், தண்ணி கசியும், நுரையீரல் வீங்கும். அந்தச் சேதி தலைக்கு ஏறுனா காய்ச்சல், குளிர். மத்தியானம் பொடி போனா இதெல்லாம் கூடி முடிக்க சாயங்காலம் ஆயிடும்."

உத்திராபதிக்கு ஒன்று ஞாபகம் வந்தது: "நான் நல்லா இருந்தப்ப ஒரு வருசம் கீழக்கரை ஒடைஞ்சிடுச்சுன்னு தமுக்கு அடிச்சாங்க. ஊரே ஓடுனோம். போயிப் பாத்தா ஒடையல, நண்டு வளையில கொஞ்சம் தண்ணி கசிஞ்சிருக்கு. ஆனா ஓடுன ஆளுங்க மிதிச்சதுலயே முத்தையன் நாத்தங்கால் சேறாப் போச்சு."

"அதேதான்" என்றார் டாக்டரம்மா. "ஒங்க நுரையீரல்தான் அந்த நாத்தங்கால். ஒரு தடவை மிதிச்சா திரும்பத் தளிர்க்கும். ரெண்டு வருசம் தெனம் மிதிச்சா மண்ணு இறுகிக் கட்டியாயிடும். அப்புறம் அங்க மூச்சு எறங்காது. கொஞ்சம் இடம் அப்படி ஆயிடுச்சுன்னுதான் நெனைக்கிறேன். மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

"இவளுக்கு அடிக்காத தமுக்கு எனக்கு மட்டும் ஏங்க அடிக்குது?"

"தெரியாதுங்க. அந்தச் சேதிப் பொருள்லயே ஒண்ணு ரெண்டுக்குத்தான் இப்பத்தான் பேரு வச்சிருக்காங்க. இன்னும் எத்தனை இருக்கோ. படிச்சவங்களுக்கே இதுல பாதி புரியல."

தெரியாது என்று சொன்ன டாக்டரை உத்திராபதி அதுவரை பார்த்ததில்லை. அதனாலேயே அவர்மேல் நம்பிக்கை வந்தது.

தமுக்கை அடக்க ஒரு மாத்திரை தந்தார். அது நாள்பட்டுச் சாப்பிடுகிற மாத்திரை இல்லை, குறைத்துக் குறைத்து நிறுத்திவிட வேண்டும், நிஜமான மருந்து பொடி இல்லாத காற்றுதான் என்றார். போர் இருக்கிற வீட்டுக்குத் திரும்பக் கூடாது. காசநோய் ஊசியை நிறுத்தச் சொன்னார். அதையெல்லாம் கேட்டுக்கொண்டு உத்திராபதி மறுபடி சுரக்குடித் தாழ்வாரத்துக்குப் போனார். தையல்நாயகி மகளுடன் விழிதியூரில் மாட்டைப் பார்த்துக்கொண்டாள்.

தை பாதியில் மனிதருக்கு நிறம் திரும்பிவிட்டது. மாத்திரையும் நின்றது. நின்ற பத்தாம் நாள், டாக்டரம்மாவுக்கும் மருதையனுக்கும் தெரியாமல் ஊருக்கு பஸ் ஏறினார். மூக்கையும் வாயையும் ஈரத்துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, போரண்டை போய், மேலாக நாலு பிடி வைக்கோல் உருவி மாட்டுக்குப் போட்டார். தையல்நாயகி வயலிலிருந்து வருவதற்குள் துண்டை அவிழ்த்துவிட்டார். ஆனால் ஆறு மணியிடம் மறைக்க முடியவில்லை. குளிரில் பல் கிட்டியது. மறுநாள் மருதையன் வந்து பார்த்துவிட்டு ஆத்திரத்தில் கத்தினான்.

"சின்னப் புள்ளயா நீங்க? வைக்கோலைத் தொடாம இருக்க முடியாதா ஒங்களால?"

"போர் இல்லாம குடியானவன் வூடு ஏதுடா?" என்றார் உத்திராபதி, மூச்சுக்கு நடுவில். "பொண்ணு பாக்க வர்றவன் மொதல்ல கொல்லையில போரைத்தான் எட்டிப் பாக்குறான். போரும் மாடும் போச்சுன்னா, உத்திராபதி நொடிச்சிட்டான்னு ஊரு பேசும்."

"பேசட்டும். நீங்க செத்துட்டீங்கன்னு பேசுறதுக்கு, நொடிச்சிட்டாருன்னு பேசட்டும்."

"ஏங்க" என்றாள் தையல்நாயகி. "அந்தப் போருல நான் இன்னொரு தடவை கைய விட்டா, எனக்கு ஒங்க நெஞ்சுக்குள்ள கைய விட்ட மாதிரிதான் இருக்கும். என்னால முடியாது. போரு போகட்டும்."

இரண்டு நாள் கழித்து, மாடும் வைக்கோலும் வாங்கி விற்கிற குரும்பகரத்துக் கருப்பையனை வரச்சொல்லி அனுப்புங்கள் என்று உத்திராபதியே சொன்னார்.

பங்குனி முதல் புதன்கிழமை கருப்பையன் இரண்டு வண்டியோடு வந்து போரைப் பிரித்து ஏற்றிக்கொண்டான். மாட்டையும் பின்னால் கட்டிக்கொண்டு போனான். நெற்றியில் குங்குமம் வைத்து அனுப்பியது தையல்நாயகி. உத்திராபதி அப்போது அங்கே இல்லை. அவரைச் சுரக்குடியிலேயே நிறுத்தி வைத்திருந்தான் மருதையன். வண்டி போனபின் கொல்லை முழுக்கத் தண்ணீர் அடித்து, சாணி தெளித்துப் பெருக்கினாள். கொட்டகைத் தட்டியையும் படுக்கையையும் கொளுத்தினாள். போர் இருந்த இடத்தில் வட்டமாக வெளிறிய மண் தெரிந்தது.

மூன்று மணி பஸ்ஸில் வந்து இறங்கினார் உத்திராபதி. கொல்லைப்பக்கம் ஒரு முறை பார்த்தார், வீட்டுக்குள் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். என்னதான் தண்ணீர் அடித்தாலும் காலையில் அவ்வளவு தூசு பறந்த இடம். இன்றைக்கு ஆறு மணி தாண்டினால்தான் இந்த வீடு அவருக்கு உண்டு. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஐந்தரைக்கு அமுதம் விளக்கேற்றினாள். பன்னிரண்டு வயதாகியிருந்தது. அப்பாவை எவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம் என்று தெரியாமல் நிலைப்படியிலேயே நின்றாள். உத்திராபதி சாமி படத்தைப் பார்த்தபடி, ஒரு கையால் இன்னொரு கை மணிக்கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு ஆயிற்று. ஆறரை ஆயிற்று.

"குளுருதா?" என்றாள் தையல்நாயகி.

"இல்ல."

"நெஞ்சு?"

அவர் மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தார். அடியில் ஓரிடத்தில் இறங்க மறுத்தது. டாக்டரம்மா சொன்ன இறுகிய மண் அதுதான், அது இனிமேல் இறங்கப் போவதில்லை. மற்ற இடமெல்லாம் இறங்கியது.

"போதும்" என்றார். "இது போதும்."

ஏழு மணி அடித்ததும் தையல்நாயகி அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு சமையல்கட்டுக்குப் போய், தனியாக எடுத்து வைத்திருந்த அவருடைய தட்டையும் டம்ளரையும் மற்றப் பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவிக் கவிழ்த்தாள். உத்திராபதி மகளைப் பார்த்து, "அங்க என்னாடி நிக்கிற? இங்க வந்து ஒக்காரு" என்றார்.